இறக்கத்தைப் பார்த்து நின்ற வண்டி

வண்டிக்குச் சாய்மானம் வைத்துக் கொடுக்கிறீர்கள். வந்த ஆள் ஏறி உட்கார்ந்ததும், எடுத்த எடுப்பில், "நொம்ப சொகமா இருக்குதுங்க" என்கிறார். பூரித்துப் போகாதீர்கள். சுகமாக இருக்கிறவன் அதைச் சொல்ல அவ்வளவு அவசரப்பட மாட்டான். அவசரப்படுகிறான் என்றால் அவனுக்கு வேறு ஏதோ அவசரம் இருக்கிறது. அது என்னவென்று தெரியும் வரை சாவி உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே இறங்குகிற சந்தில் வண்டி சீட் தைத்தே காலம் தள்ளியவள் நான். கை நடுங்க ஆரம்பித்ததும் ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். நீங்கள் புதிதாக வந்திருக்கிறீர்கள். ஸ்பாஞ்சை எப்படி வெட்டுவது, ரெக்ஸினை எப்படி இழுத்து அடிப்பது என்பதையெல்லாம் உங்கள் கை தானாகக் கற்றுக்கொள்ளும். நான் வாயால் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. எந்த நேரத்தில் மனசைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டும் என்பது மட்டும் கையால் வராது. அதற்காக மாரிமுத்துவைப் பற்றிச் சொல்கிறேன்.

மாரிமுத்து கொட்டச்சேடு பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் சூப்பர்வைசர். எஸ்டேட் என்றால் ஒரே இடத்தில் கிடக்கிற தோட்டமில்லை. ஒரு துண்டு மேட்டில், ஒரு துண்டு ஓடைக்குப் பக்கத்தில், இன்னொன்று எங்கோ ஒரு மூலையில். காலையில் எல்லாத் துண்டுக்கும் போய் ஆட்களை வேலைக்கு இறக்கிவிட்டு, மத்தியானம் மறுபடி ஒரு சுற்று வர வேண்டும். மோட்டார் சைக்கிள் ஓட்ட முடியாதவனுக்கு அந்த வேலை இல்லை. வேலை இருக்கும் வரைதான் எஸ்டேட் கொடுத்த வீடும்.

அந்த ஆள் மிளகு பறிக்கிற ஏணியிலிருந்து விழுந்து இடுப்புக்கு மேலே எலும்பில் அடி வாங்கிக்கொண்டார். சேலத்தில் ஆஸ்பத்திரி, அப்புறம் வீட்டில் படுக்கை என்று பல மாதம். எழுந்து நடமாட ஆரம்பித்ததும் டாக்டர், முதுகுக்குத் தாங்கல் இருந்தால் வண்டி ஓட்டிப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். எஸ்டேட் மேனேஜரோ, சேலம் குடோனில் காவல் வேலை தருகிறேன், வீட்டைக் காலி செய்துகொண்டு கீழே போய்விடு என்றிருக்கிறார். மாரிமுத்துவின் மனைவி சரசு அதே எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவள். இரண்டு பெண் பிள்ளைகள் இங்கேதான் படிக்கின்றன. கீழே போனால் சரசுவுக்கு வேலை இல்லை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மாறும், வாடகைக்கு வீடு பிடிக்க வேண்டும். மாரிமுத்து கையைக் காலைப் பிடித்துக் கெஞ்சியதில் மேனேஜர் கொஞ்சம் இறங்கி வந்தார்.

"திங்கக்கிழமை காலையில முழு ரவுண்டும் போ. நான் ஜீப்புல பின்னாடி வந்து பாக்கறேன். முடிஞ்சா வேல உனக்கு. முடியலேன்னா பேச்சே கிடையாது" என்று சொல்லிவிட்டார்.

இதையெல்லாம் மாரிமுத்து என்னிடம் சொன்னது பிற்பாடுதான். முதலில் வந்தபோது, "ஓட்டறவனுக்கு ஒரு சாய்மானம் வெக்கோணுமுங்க அக்கா, ஏத்தத்துல முதுகு பிடிச்சுக்குது" என்று மட்டும் சொன்னார். பின்னால் உட்காருகிறவருக்குச் சாய்மானம் வைப்பது எங்களுக்குப் பழக்கம்தான். ஓட்டுகிறவருக்கு வைத்ததில்லை. சீட்டின் நடுவில் கம்பி நட்டு, அதன் மேல் மெத்தை வைத்து, அவர் காலைத் தூக்கிப் போட முடியாதவர் என்பதால் ஏறி இறங்கும்போது மெத்தை மடங்கிக்கொள்ளவும் வழி செய்ய வேண்டும்.

கம்பி வேலைக்குப் பக்கத்துப் பட்டறைத் தங்கவேல் இருந்தான். தங்கவேல் ஒரு கம்பியை வளைத்தால் அதைக் கல்யாண மேடையில் வைக்கிற மாதிரிதான் வளைப்பான். மாரிமுத்துவை வண்டியில் உட்காரவைத்து, முதுகு எங்கே வந்து படுகிறது என்று சாக்பீஸால் குறித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் அழகுக்குச் சுருள் வைத்து, பளபளவென்று ஒரு சிம்மாசனமே செய்துவிட்டான். நான் மெத்தை வைத்துக் கறுப்பு ரெக்ஸின் தைத்தேன். வேடிக்கை பார்த்தவர்கள், "ஏனுங்க சூப்பர்வைசரே, கிரீடம் எப்பங்க வருது?" என்று கேலி செய்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாரிமுத்து வந்து ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் உட்காராததுமாக, "நொம்ப சொகமா இருக்குதுங்க அக்கா" என்றார். தங்கவேலுக்கு வாயெல்லாம் பல். எனக்கு அந்த ஆளின் முகம் பிடிக்கவில்லை. சிரிப்பு இருந்தது, ஆனால் கண் வண்டிச் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இருங்க, ஒரு சுத்துப் போயிட்டு வரலாம். நானும் வாரேன்" என்றேன்.

"நீங்க எதுக்குங்க அக்கா?"

"நான் தெச்சது எப்புடி இருக்குதுன்னு நான் பாக்க வேண்டாமுங்களா?"

சாய்மானத்துக்குப் பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்தேன். இடது கையால் கேரியரைப் பிடித்துக்கொண்டு, வலது கையை அவர் முதுகுக்கும் மெத்தைக்கும் நடுவே நுழைத்தேன். பஸ் ஸ்டாண்டே என்னைப் பார்த்தது. பார்க்கட்டும். முதுகுக்குத் தைக்கிறவள் முதுகைத் தொடாமல் எப்படித் தைப்பது? டாக்டர் தொட்டால் வைத்தியம், நான் தொட்டால் வம்பா?

கரடியூர்ச் சாலையில் ஏறினோம். ஏற ஏற அவர் முதுகு வந்து என் கையை நசுக்கியது. மெத்தையின் தையல் என் புறங்கையில் பதிந்தது. தங்கவேலின் அளவு அச்சாக இருக்கிறது என்று நானே மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். மேலே போய்த் திருப்பினார். இறக்கம் வந்ததும், இந்த மலையில் எல்லாரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். என்ஜினை அணைத்துவிட்டு வண்டியை அதன் போக்கில் உருளவிட்டார்.

அப்போதுதான் தெரிந்தது. என் கையைத் தொட அங்கே முதுகே இல்லை. சீட்டின் சரிவில் ஆள் வழுக்கி டாங்க்கின் மேல் போய்விட்டார். மெத்தை ஒரு பக்கம், முதுகு ஒரு பக்கம். நான் கையை நீட்டி அவர் இடுப்புக்கு மேலே தொட்டுப் பார்த்தேன். பலகை மாதிரி விறைத்துக் கிடந்தது. மொத்த உடம்பையும் இரண்டு மணிக்கட்டில் தாங்கிக்கொண்டு வருகிறார். ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கைப் பிடிக்கும்போது பல்லைக் கடிக்கிற சத்தம் என் காதில் விழுந்தது.

கடை வாசலில் நின்றதும் முதல் வேலையாகச் சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"என்னங்க அக்கா, சாவிய எடுத்துட்டீங்க?"

"வலிக்குதா இல்லையா? நெசத்தச் சொல்லுங்க."

"இல்லீங்க அக்கா. அதான் சொன்னனே, நொம்ப சொகமா..."

"வாரப்ப உங்க முதுகு எங்கைய ஒருதரங்கூடத் தொடலீங்க. என்னத்துல சாஞ்சுட்டு வந்தீங்க?"

அவர் டாங்க்கின் மேலிருந்து பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார். அப்புறம், "அது இறக்கந்தானுங்க அக்கா. இறக்கத்துல என்ன ஓட்டறது இருக்குது? வண்டி அதும்பாட்டுக்கு வருது" என்றார்.

இதுதான் நம் மலைக்காரர்களின் கோளாறு. நம் கணக்கில் ஏறுவது மட்டும்தான் வண்டி ஓட்டுவது. என்ஜின் முனகுகிறது, பெட்ரோல் எரிகிறது, அதனால் அது பாடு. இறங்குவது சும்மா வருவது. எங்கே வலிக்கிறது என்று கேட்டால் ஏற்றத்தைத்தான் சொல்வார்கள். இறக்கத்தில் வலித்தால் அதை வலியாகவே வைத்துக்கொள்ள மாட்டார்கள். சமவெளி ஆளிடம் இந்தப் பேச்சே வராது.

தங்கவேல் முகம் தொங்கிப் போனது. "அளவு தப்பில்லீங்க அக்கா. அவரை உக்கார வெச்சு நானே குறிச்சேன். நீங்களும் பாத்துட்டுத்தான இருந்தீங்க?"

"பாத்தேன். அப்ப வண்டி எந்தப் பக்கம் பாத்து நின்னுச்சு?"

அவன் திரும்பிச் சந்துப் பக்கம் பார்த்தான். எங்கள் சந்து சரிவு. சரிவில் நிறுத்துகிற வண்டி ஸ்டாண்டிலிருந்து உருண்டுவிடாமல் இருக்க மூக்கை மேட்டுப் பக்கம் வைத்துத்தான் நிறுத்துவோம். அன்றைக்கு நின்ற அத்தனை வண்டியும் மேட்டைப் பார்த்துத்தான் நின்றது. அந்தச் சந்தில் எவன் வண்டியை உட்கார்ந்து அளந்தாலும் அது ஏற்றத்துக்கு எடுத்த அளவுதான். தங்கவேலுக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

மாரிமுத்துவுக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. அப்போதுதான் மேனேஜர் வைத்த சோதனையைச் சொன்னார்.

"நாளைக்கு ஒருநா மட்டும் போயிட்டு வந்தர்றனுங்க அக்கா. பல்லக் கடிச்சுட்டு ஓட்டீர்றேன். அப்பறம் நீங்க எப்புடி வேணும்னாலும் மாத்திக்குங்க. நாளைக்கு வண்டி இல்லீன்னா என்ற ஊடு போயிருமுங்க."

நீங்களே சொல்லுங்கள், அந்த இடத்தில் என்ன செய்வீர்கள்? வண்டி அவருடையது. முதுகு அவருடையது. போகப்போகிற வீடும் அவருடையது. ஒரு நாள்தானே, கொடுத்துவிடு என்று உள்ளே ஒரு குரல் சொல்லத்தான் செய்தது. கொடுத்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பார்.

ஆனால் நான் அந்த முதுகைத் தொட்டுப் பார்த்திருந்தேன். ஏற்றத்தில் வலி வந்தால் ஆக்ஸிலேட்டரை விட்டால் போதும், வண்டி நின்றுவிடும். இறக்கத்தில் வலி வெட்டினால் நிறுத்துகிற கையே விறைத்துப்போகும். வளைவுக்குக் கீழே காப்பிச் செடி, அதற்குக் கீழே பாறை.

"ஊடு போனா வேற ஊடு பாத்துக்கலாஞ் சாமி. நீங்க போயிட்டா சரசு எங்க போய்ப் பாப்பா?" என்றேன். "சாவி குடுக்க மாட்டேன். நாளைக்குக் காலையில நீங்க ஓட்டுவீங்க. ஆனா இந்தச் சீட்டுல ஓட்ட மாட்டீங்க. தங்கவேலு, வண்டியத் திருப்பு."

அந்தச் சந்தில் முதல் தடவையாக ஒரு வண்டி பள்ளத்தைப் பார்த்து நின்றது. முன் சக்கரத்துக்குக் கல் கொடுத்து, டீக்கடைக்காரரும் தங்கவேலும் ஆளுக்கொரு பக்கம் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள, மாரிமுத்துவை ஏற்றி உட்காரவைத்தேன். "ஏனுங்க அக்கா, ஆளச் சேலத்துக்கு உருட்டி உடப்போறீங்களா?" என்று ஒருவன் கேட்டான். மாரிமுத்துவே சிரித்துவிட்டார். சிரித்தபோதே முன்னால் வழுக்கினார். என்ன செய்ய வேண்டும் என்பது அந்த வழுக்கலிலேயே இருந்தது.

வேலையை விவரித்து உங்களைக் களைப்பாக்க மாட்டேன். ஆள் முன்னால் போகாதபடி சீட்டின் முன்பக்கத்தை உயர்த்தினேன். பனி பட்டால் வழுக்குகிற ரெக்ஸினைக் கிழித்துப் போட்டுவிட்டு முரட்டுக் கான்வாஸ் துணி தைத்தேன். சாய்மானத்தை இடுப்போடு ஒட்டும்படி முன்னால் கொண்டுவந்து, உயரத்தைக் குறைக்கச் சொன்னேன். குறைக்க வேண்டும் என்றால் சுருளை வெட்ட வேண்டும். தங்கவேல் ரம்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு வெட்டினான். அவனை நான் அதற்குப் பிறகு ஒரு நாளும் கேலி செய்ததில்லை.

ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. இறக்கத்துக்குச் சரியாக வைத்தால் ஏற்றத்தில் மெத்தை முதுகை அழுத்தும். மெத்தையை எவ்வளவு இளக்கமாக்கினாலும் அழுத்தும். இரண்டு பக்கமும் சுகம் கொடுக்க என்னால் முடியவில்லை. முடிந்திருந்தால் செய்திருக்க மாட்டேனா? ஆபத்து எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் தாங்கு, மற்றதைப் பொறுத்துக்கொள்ளச் சொல் என்று தீர்மானித்தேன். பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதை அவரிடம் மறைக்கவும் இல்லை.

"ஏத்தத்துல அழுத்துமுங்க. தாங்கலீன்னா நிறுத்திப்போடுங்க. இறக்கத்துல என்ஜின அணைக்கக் கூடாது, கியர்லயே வரோணும். நாளைக்கு நீங்க யாருகிட்டயும் சொகமா இருக்குதுன்னு சொல்லக் கூடாது" என்று சொல்லித்தான் பொழுது சாயும் நேரத்தில் சாவியைக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் எஸ்டேட்டுக்குப் போய்விட்டேன். மேனேஜர் ஜீப்பில் ஏறப்போகிற நேரம்.

"நீங்க எதுக்கும்மா?" என்றார்.

"நாந் தெச்ச சீட்டுங்க. எதாச்சும் ஆச்சுன்னா நாந்தானுங்க பதில் சொல்லோணும்" என்று சொல்லிப் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். அவர் இறங்கச் சொல்லவில்லை.

மாரிமுத்து முன்னால் போனார். மேட்டுத் துண்டு முடிந்து ஓடைத் துண்டுக்கு இறங்குகிற பாதை. பனி இறங்கி மண் ஈரமாக இருந்தது. வழக்கமாகச் சத்தமே இல்லாமல் உருளுகிற வண்டி அன்றைக்கு கியரில் உறுமிக்கொண்டு இறங்கியது. மேனேஜர் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் கண் அந்த முதுகை விட்டு நகரவில்லை.

பாதி இறக்கத்தில் ஒரு வளைவு. வளைவுக்குக் கீழிருந்து காப்பி மூட்டை ஏற்றிய டிராக்டர் வந்துவிட்டது. ஏறுகிற வண்டிக்குத்தான் வழி விட வேண்டும். மாரிமுத்து செங்குத்துச் சரிவில் ஓரமாக ஒதுங்கிப் பிரேக்கைப் பிடித்து நின்றார். டிராக்டர்காரன் டிரெய்லரை வளைவில் திருப்ப முடியாமல் முன்னே பின்னே ஆட்டுகிறான். நேரம் போகிறது. வண்டியின் மூக்கு பள்ளத்தைப் பார்த்திருக்கிறது. நேற்றைய சீட்டாக இருந்தால் இந்நேரம் அவர் மணிக்கட்டு நடுங்க ஆரம்பித்திருக்கும்.

அவர் முழங்கை மடங்கியே இருந்தது. தோள் தளர்ந்து கிடந்தது. இடுப்பு மெத்தையோடு ஒட்டியிருந்தது. டிராக்டர்காரனிடம், "வலப்பக்கம் ஒடிங்க, வலப்பக்கம்" என்று சாவகாசமாக வழி சொல்லிக்கொண்டிருந்தார். டிராக்டர் எங்களைக் கடந்து போனபோதுதான் நான் பைக்குள் கைவிட்டு ஸ்பேனரை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன் என்பது தெரிந்தது.

ஓடைத் துண்டில் ஆட்களைப் பிரித்துவிட்டு, மறுபக்க ஏற்றத்தில் ஏறிப் பாதியில் வண்டியை நிறுத்தினார். மேனேஜர் ஜீப்பை விட்டு இறங்கி அவரிடம் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"என்ன, வலிக்குதா?"

மாரிமுத்து என்னை ஒரு தடவை பார்த்தார். சொல்லக்கூடாத அந்த ஒரு வார்த்தையை விழுங்கிக்கொண்டார்.

"ஏத்தத்துல அழுத்துதுங்க சார். வலிச்சா இப்புடி நிறுத்திக்குவனுங்க. எறக்கத்துல இல்லீங்க. அந்த டிராக்டரு வந்தப்பக்கூட இல்லீங்க."

மேனேஜர் சாய்மானத்தைக் கையால் அழுத்திப் பார்த்தார். வெட்டிய கம்பியின் முனையைப் பார்த்தார். "ரெண்டு நிமிஷம் நின்னுட்டே போ. எனக்கு அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு ஜீப்பின் பானெட்டில் சாய்ந்துகொண்டார். அந்த வார்த்தையிலேயே முடிவு தெரிந்துவிட்டது. வலிக்கவே இல்லை என்று சொல்லியிருந்தால் அந்த மனிதர் நம்பியிருக்க மாட்டார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். வலி எங்கே வரும், வந்தால் என்ன செய்வான் என்று தெரிந்த ஆளிடம்தான் ரவுண்டை ஒப்படைக்க முடியும்.

சுற்று முடிந்து எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கிற லைன் வீடுகளுக்கு முன்னால் வந்து நின்றோம். மாரிமுத்து வீட்டு வாசலில் மூட்டை முடிச்சுகள் வரிசையாக இருந்தன. பாய் சுருட்டிக் கட்டியிருந்தது. பிள்ளைகளின் புத்தகப் பைகூட அதன் மேல் இருந்தது. கணவனுக்குத் தைரியம் சொல்லி அனுப்பிவிட்டு, ஒருவேளை முடியாமல் திரும்பி வந்தால் அவரைச் சாமான் கட்டவைக்கக் கூடாது என்று சரசு தானே எல்லாவற்றையும் கட்டி வைத்திருக்கிறாள்.

ஜீப்பைப் பார்த்ததும் சாமான் ஏற்றத்தான் வந்திருக்கிறது என்று நினைத்துவிட்டாள். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாத்திர மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நேராக ஜீப்புக்கு நடந்து வந்தாள். அழவில்லை. முந்தானையை இழுத்துச் செருகியிருந்தாள். மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டார்.

மாரிமுத்து மெத்தையை மடக்கிவிட்டு மெல்ல இறங்கினார். அவள் முன்னால் போய் நின்றார்.

"சரசு, அத உள்ள கொண்டுபோயி வெய்யி" என்றார்.

அவளுக்குப் புரியவில்லை. மூட்டையைத் தலையில் வைத்தபடியே அவரைப் பார்த்தாள், மேனேஜரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் போய் இரண்டு கையாலும் அந்த மூட்டையை இறக்கி வாங்கினேன். பாத்திரங்கள் ஒன்றோடொன்று முட்டிச் சத்தம் போட, அதை அணைத்துப் பிடித்துக்கொண்டு அவள் வீட்டுக்குள் நானே முதலில் நுழைந்தேன்.